தென்காசியில் ஒயரை உருவினார்கள், குற்றாலத்தில் அறை கிடைத்தது

முதலில் பிள்ளைகள் செய்தி. மூத்த மகன் வீட்டுப் பேரன் பட்டாளத்தில் நாயக் ஆகிவிட்டான், சட்டைக் கையில் இரண்டாவது கோடு ஏறியாயிற்று. மகள் வீட்டுப் பேத்தி பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பை முடித்து, அவசர சிகிச்சைப் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி குண்டு எறிதலில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலில் வந்த பையன் இவனைவிட ஒரு வயது மூத்தவன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னான், எழுதிவிட்டேன். கடைக்குட்டிப் பேரனுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டது.

மிச்சம் இருப்பவள் இளைய மகன் வீட்டுப் பேத்தி உலகேஸ்வரி. நாங்கள் ஈசு என்று கூப்பிடுவோம். இந்தப் பயணமே அவளுக்காகத்தான். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சுரண்டையிலிருந்து தென்காசி, மேலகரம், குற்றாலம் என்று போய்ச் சனிக்கிழமை திரும்பினேன். சாரலுக்குக் குற்றாலம் போக நினைக்கிறவர்களுக்கும், கடை கண்ணியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு அது படுத்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்கு விளங்கியதைத்தான் எழுத முடியும்.

ஈசு மூன்று வருடம் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். போன கார்த்திகையில் விட்டுவிட்டு வந்து, இனிமேல் தென்காசியில் இருந்துகொண்டே சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்றாள். அவள் அப்பா, என் மகன், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு கெடு வைத்தான். ஆனி முடிவதற்குள் ஒரு பெரிய வேலையாவது அவள் பெயரில் உறுதியாக வேண்டும், இல்லாவிட்டால் பெங்களூருக்கே திரும்பிப் போக வேண்டும். பழைய கம்பெனிக்காரர்கள் நான் போன வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெரிய வேலை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் லாட்ஜ் வேலை. அவருக்குத் தென்காசியில் ஒரு லாட்ஜ், குற்றாலத்தில் நான்கு. எல்லா அறைப் பதிவும் தென்காசியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் ஏறும். போன வருடம் ஆடியில் ஒரு சனிக்கிழமை அது படுத்துவிட்டது. ஈரத்துணியோடு கூட்டம் நிற்கிறது, எந்த அறை காலி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவசரத்தில் ஒரே அறையை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்து, மதுரைக்காரரும் ராஜபாளையத்துக்காரரும் மாடிப்படியில் வைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சிக்கு அது பெரிய தலைகுனிவு.

ஒரு கம்ப்யூட்டர் படுத்தாலும் பதிவு நிற்காத மாதிரி ஈசு புதிதாக ஏற்பாடு செய்து தந்திருந்தாள். அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆள் நிற்கும்போதே தென்காசிக் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்வார். ஒரு அறைகூடத் தவறாகப் போகக் கூடாது. போனால் வேலை, ஏற்கெனவே விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கிற கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர்களுக்கு.

சுரண்டையில் பகல் 12.20 பேருந்து. ஆய்க்குடி வழி, பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. ஆய்க்குடியில் ஒரு கூட்டம் இறங்கியபிறகுதான் உட்கார்ந்தேன். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு பேருந்து விட்டு அடுத்ததில் ஏறலாம்.

கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சி, அருவியில குளிக்கவா?" என்றார்.

"குளிக்கவுந்தான். அதுக்கு முந்தி ஒரு கம்ப்யூட்டர அமத்தப் போறாவ, அதப் பாக்கப் போறேன்."

"அமத்துததப் பாக்கவா பஸ் ஏறி வாரிய?"

"அமத்துன பொறவும் வேலை ஓடுதான்னு பாக்க."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

தென்காசியில் 1.15க்கு இறங்கினேன். கோயில் வாசலில் எந்நேரமும் ஆளைத் தள்ளுகிற காற்று அன்றைக்குச் சாரலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. குடை கொண்டுபோகிறவர்கள் கோபுரத்துக்குக் கீழே விரிக்க வேண்டாம். எனக்கு முன்னால் போன ஒரு அம்மாவின் குடை அப்படியே மேல்நோக்கிப் பிரிந்துகொண்டது.

லாட்ஜ் வாசலில் ஈசு நின்றாள். உள்ளே மேனேஜர் பரமசிவன். இருபது வருடமாக அதே மேசையில் இருக்கிறாராம். மேசைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் அந்தக் கம்ப்யூட்டர். சர்வர் என்கிறார்கள். ஒரு பச்சரிசிப் பானை உயரம், நெற்றியில் சந்தனம், குங்குமம், முன்னால் வரிசையாகப் பச்சை விளக்குகள். சாம்பிராணியும் காட்டிக்கொண்டிருந்தாராம், புகை உள்ளே போகும் என்று ஈசு நிறுத்தியிருக்கிறாள். பொட்டுக்கு மட்டும் அனுமதி.

ஈசு அவரிடம் ஒரு சிவப்புச் சுவிட்சைக் காட்டினாள்.

"மாமா, ஆறரைக்கு நான் போன் அடிப்பேன். அடிச்சதும் இத அமத்திருங்க. வேற எதையும் தொடாண்டாம்."

"அமத்திருவோம் தாயி. இதுக்கா இவ்வளவு படிச்ச?"

"அமத்த நீங்க போதும் மாமா. அமத்துன பொறவு நடக்குததுக்குத்தான் நான் படிச்சேன்."

சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டோம். லாட்ஜுக்கு அடுத்த கடையில் சைவச் சாப்பாடு 90 ரூபாய், ரசம் நன்றாக இருந்தது, மோர் கேட்டால்தான் தருகிறார்கள். மூன்று மணிக்கு நகரப் பேருந்தில் மேலகரம். குற்றாலம் போகிற வழிதான், பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே அண்ணாச்சியின் வீடு இருக்கிறது. வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

"ஏட்டி, இதுலயும் அறைக்கணக்கெல்லாம் இருக்கா?"

"ஒண்ணும் கிடையாது ஆச்சி. இதுக்கு ஒரே வேலை. ஓட்டுப் போடுதது."

பிறகு அங்கே படியிலேயே உட்கார்ந்து விளக்கினாள். எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன். தென்காசியில் ஒரு சர்வர், குற்றாலத்தில் ஒரு சர்வர். ஒன்றில் ஏறுகிற பதிவு உடனே மற்றதிலும் ஏறிவிடும். ஒன்று முதலாளி, மற்றது துணை. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். இருக்கியா, இருக்கேன். இருக்கியா, இருக்கேன். முதலாளியிடமிருந்து பதில் நின்றுபோனால் துணை எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடும். வந்து நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படிச் சேர்த்து வைப்பதற்குக் கிளஸ்டர் என்று பெயர், நாற்காலி மாறுவதற்கு ஃபெயில் ஓவர் என்று பெயர்.

"சரி, ரெண்டு போதும்லா. மூணாவது எதுக்கு?"

"நடுவுல உள்ள ஒயரு அந்துபோச்சுன்னு வையி. ரெண்டும் உசிரோடதான் இருக்கும். ஆனா மத்தது செத்துப்போச்சுன்னு ரெண்டுமே நெனச்சுக்கிடும். ரெண்டும் முதலாளியாயிரும். ஒரே அறைய ரெண்டும் கொடுக்கும்."

"போன வருஷத்து மாடிப்படிச் சண்டை."

"அதேதான். அதுக்குத்தான் இது. எந்த சர்வரு இதுகூடப் பேச முடியுதோ அதுக்கு இதோட ஓட்டு. தன் ஓட்டையும் சேத்து ரெண்டு ஓட்டு இருந்தாத்தான் முதலாளி. ஒத்த ஓட்டோட நிக்கது வாய மூடிக்கிட்டு உக்காரணும்."

"உக்காருமா?"

பெட்டி மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தாள். "வீட்ல வச்சுப் பாத்தப்போ உக்காந்துச்சு. கூட்டத்துக்கு நடுவுல பாத்ததில்ல. நல்ல வேளை, இன்னைக்கு அண்ணாச்சி வைக்குதது லேசான பரீட்சை. சுவிட்ச அமத்துனா அது தானாவே செத்துரும். செத்தது சண்டைக்கு வராதுல்லா."

மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு ஆட்டோ 100 ரூபாய். சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று காலையிலிருந்தே விடவில்லை, ஐந்தருவியில் மட்டும் விடுகிறார்கள் என்றார் டிரைவர். கிளம்புவதற்கு முன் யாரிடமாவது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. தடை போட்டிருந்தால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். கடைத்தெருவில் ரம்புட்டான் கால் கிலோ 60 ரூபாய் சொன்னார்கள், 50க்குத் தந்தார்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கவும். குரங்குக்கு ரம்புட்டான் தெரியும்.

அண்ணாச்சி குற்றாலம் லாட்ஜின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஈரத்துண்டு, முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பெரியம்மா. பேத்திக்குத் துணையா?" என்றார்.

"துணையெல்லாம் அவ ஏற்கெனவே வச்சிருக்கா. நான் வேடிக்கை பாக்க வந்தேன்."

ஐந்தரை மணிக்கு மேல் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். ஆறேகாலுக்கு மேசைக்கு முன்னால் நிற்க இடமில்லை. நான்கு லாட்ஜிலும் சேர்த்துக் குடும்ப அறைகள் இரண்டுதான் மிச்சம் என்று திரை காட்டியது. ஈசு திரையில் எல்லாவற்றையும் தமிழிலேயே வருகிற மாதிரி செய்திருந்தாள். மேலே ஒரு ஓரத்தில் 'இப்போது முதலாளி: தென்காசி' என்று இருந்தது.

ஆறரைக்கு அண்ணாச்சி தலையை அசைத்தார். ஈசு போனைப் போட்டாள்.

"மாமா, அமத்திருங்க."

"ஆச்சு தாயி."

திரையில் 'தென்காசி பதில் சொல்லவில்லை' என்று வந்தது. ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம். பிறகு 'இப்போது முதலாளி: குற்றாலம்'. மேசைக்கு முன்னால் கோவில்பட்டிக்காரர் ஒருவர் ஐந்து பேரோடு குடும்ப அறை கேட்டு நின்றார். மூன்றாம் மாடி அறை அவர் பெயரில் ஏறியது, சாவியை வாங்கிக்கொண்டு போனார். நடுவில் ஒன்று மாறியதே அவருக்குத் தெரியாது. அண்ணாச்சி முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. பரமசிவன். கூட்டச் சத்தத்தில் கேட்பதற்காக அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு பார்ட்டி நிக்காவ. குற்றாலத்துல மூணாம் மாடி குடும்ப அறை வேணுமாம். காலின்னு காட்டுது. போட்டுரட்டுமா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "ஏலே, அமத்துன மெஷின்ல எப்படிலே காட்டுது?"

"மெஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி."

ஈசு என் பக்கத்தில் நின்றாள். குனிந்து போனிடம் கேட்டாள்.

"மாமா, நீங்க எதை அமத்துனிய?"

"வெள்ளிக்கிழமை, வெளக்கு வைக்குத நேரம் தாயி. பச்சப் பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருக்கத நான் எப்படி அமத்துவேன், சொல்லு. வெளிய போற ஒயர மட்டும் உருவிட்டேன். பேச்சு நின்னாப் போதும்லா."

எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் எரிகிற எதையும் அணைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் லேசான பரீட்சை போய்விட்டது. தென்காசி சாகவில்லை. உயிரோடு, விளக்கு எரிய, தனியாக நிற்கிறது. கோவில்பட்டிக்காரர் மூன்றாம் மாடிக்குப் போனது அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் அந்த அறை இன்னும் காலி.

"போடாதலே" என்றார் அண்ணாச்சி.

"போடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ஈசு.

"என்னம்மா சொல்லுத? அதே அறைய இப்பம்தான் ஒருத்தருக்குக் கொடுத்திருக்கோம்."

"போட்டுப் பாக்கட்டும். இதுக்குத்தான் அண்ணாச்சி நான் வேலை செஞ்சேன்."

அவள் கையைப் பிடித்தேன். திங்கட்கிழமை, பெங்களூர், அவள் அப்பா எல்லாம் அந்த ஒரு அமுக்கில்தான் இருந்தது. அண்ணாச்சி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்து, "போடுலே பாப்போம்" என்றார்.

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏறமாட்டேங்குது அண்ணாச்சி."

"என்ன சொல்லுது?"

பரமசிவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "'எனக்கு ஓட்டு இல்லை. குற்றாலத்தைக் கேளுங்கள்.'"

"இன்னொரு தடவ அமுக்குங்க மாமா" என்றாள் ஈசு.

"அதையேதான் சொல்லுது மூதி."

ஈசு என் கையை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சிக்கு இன்னும் பிடிபடவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"அப்பம் தென்காசியில வேலை நின்னுபோச்சுன்னுதான அர்த்தம்? அங்க நிக்க ஆளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அண்ணாச்சி, போன வருஷம் உங்களுக்குக் கெட்ட பேரு வந்தது, ஒருத்தர்ட்ட அறை இல்லைன்னு சொன்னதாலயா, ஒரே அறைய ரெண்டு பேருக்குக் கொடுத்ததாலயா?"

அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஈசு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தென்காசிக்கு இப்பம் எதுவும் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லாம, குற்றாலத்தக் கேளுங்குது. அங்க நிக்கவங்களுக்கு நாம இங்க இருந்து போட்டுக்கொடுக்கலாம். நீங்க சொன்ன பரீட்சையவிட இது பெருசு. இத வைக்க எனக்கே தைரியம் வரலை. மாமா வச்சிட்டாவ."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். தென்காசியில் நின்ற குடும்பத்துக்கு மிச்சமிருந்த இன்னொரு குடும்ப அறை, ஐந்தருவிச் சாலை லாட்ஜில், குற்றாலத்துத் திரையிலேயே பதிவானது. பரமசிவனை ஒயரைச் சொருகச் சொன்னார்கள். சொருகியதும் தென்காசித் திரையில் இரண்டு அறையிலும் ஆள் இருப்பதாகத் தானாகவே வந்துவிட்டதாம். திரும்பி வந்த சர்வர் என் நாற்காலியைக் கொடு என்று கேட்கவும் இல்லை. துணையாக உட்கார்ந்துகொண்டது. மனிதர்களில் இப்படி நான் அதிகம் பார்த்ததில்லை.

அண்ணாச்சி கணக்கில் கறார். ஏழரை மணிக்கு, விளக்கு வைத்து முடித்த பிறகு, தான் சொன்ன பரீட்சையையும் வைத்தார். ஈசு தென்காசியை மறுபடி முதலாளியாக்கினாள், பரமசிவன் இந்தத் தடவை சிவப்புச் சுவிட்சையே அமர்த்தினார். குற்றாலம் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் சோப்பு வாங்க நின்ற ஒரு அம்மா, "என்ன எல்லாரும் டிவி பாக்க மாதிரி நிக்கிய, ஒண்ணுமே ஓடலையே" என்றார். ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பதுதான் என் பேத்தியின் வேலை என்று அவருக்குச் சொன்னேன்.

"அஞ்சு லாட்ஜும் உன் பொறுப்பு" என்றார் அண்ணாச்சி. அங்கேயே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். "செங்கோட்டையில மச்சான் கல்யாண மண்டபம் வச்சிருக்காரு. அவருகிட்டயும் சொல்லுதேன்."

ஈசு வாசலில் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து என் மகன் கேட்டான்.

"பெங்களூர்ல கெடக்க ஒன் கட்டிலையும் பீரோவையும் எப்பம் எடுத்துட்டு வார?"

சம்மதத்தை அவன் வேறு மாதிரி சொல்லிக் கேட்டதில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான்.

அன்றிரவு அண்ணாச்சி கொடுத்த அறையில் தங்கினோம். சீசனில் அந்த அறை 1,800 ரூபாய், வார நாட்களில் 1,200. காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் ஐந்தருவி, போக வர 300 ரூபாய். பெண்கள் பக்கம் வரிசை சிறியதாக இருந்தது. தண்ணீர் தலையில் விழுந்ததும் ஈசு ஏதோ கத்தினாள், அருவிச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளி சாயங்காலம் போய் அறை தேடாதீர்கள், வியாழக்கிழமையே போய்விடுங்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்களிடம் முதலிலேயே ரூபாயைப் பேசிக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு, மாற்றுத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, முழங்காலுக்குத் தைலம். திரும்பும்போது தென்காசியிலிருந்து சுரண்டைக்குக் காலை 9.10 பேருந்தில் இடம் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், ஈசுவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு சர்வரையும் ஒரே கட்டிடத்தில் வைக்காதீர்கள், கரண்ட் போனால் இரண்டும் போகும். ஓட்டுப் போடுகிற மூன்றாவதை மூன்றாவது ஊரிலோ தெருவிலோ வையுங்கள், அதற்கு வேறு கம்பெனி இணைப்பு எடுங்கள். சுவிட்சை அமர்த்திப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஒயரையும் உருவிப் பாருங்கள். செத்துப்போனதைச் சமாளிப்பது லேசு. உயிரோடு இருந்துகொண்டு விஷயம் தெரியாமல் பேசுகிறதைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை சோதனை வைத்தால் நேரத்தைப் பார்த்து வையுங்கள். அல்லது பார்க்காமல் வையுங்கள், எங்களுக்கு அதுதான் நன்மையாக முடிந்தது.

ஈசு, இதை நீதான் இணையதளத்தில் ஏற்றப் போகிறாய். ஒன்றையும் வெட்டாதே. உன் தொழில் பக்கத்தில் நீ போட்டிருக்கும் படம் பெங்களூர் கம்பெனியின் அடையாள அட்டைக்கு எடுத்தது. கழுத்தில் அவர்கள் பட்டை தொங்குகிறது, முகத்தில் தூக்கம் தெரிகிறது. அதை எடுத்துவிடு. சனிக்கிழமை காலை ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தபோது என் போனில் ஒன்று எடுத்தேன். கொஞ்சம் ஆடியிருக்கிறது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நீ கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாய். அண்ணாச்சியின் மச்சான் உன்னைத் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்தால் இந்தப் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். புதுப் படத்தைப் போடு.